படுக்கையருகே கேட்ட பதில் எங்கே போகிறது?

கேள்வி இது: "எங்கள் மருத்துவமனையில் உள்நோயாளிகள் வீடு திரும்பும் முன்பே, வார்டிலேயே டேப்லெட் கணினியில் அவர்களிடம் கருத்துக் கேட்கும் ஏற்பாடு வரப்போகிறது. உடனுக்குடன் கேட்பதால் சிகிச்சையின் தரம் உண்மையிலேயே கூடுமா? இல்லை, செவிலியர் தலையில் இன்னொரு படிவம் ஏறுவதோடு முடிந்துவிடுமா?"

இரண்டும் நடக்கக்கூடியவை. மருத்துவமனையின் தரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பூட்டுத் தொங்கும் கருத்துப் பெட்டியின் காலத்தையும் பார்த்தேன், டேப்லெட்டின் காலத்தையும் பார்த்தேன். கேட்ட பதில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, அதை வைத்துக்கொண்டு அவர் எதைச் செய்யலாம், எதற்கெல்லாம் மேலே அனுமதி கேட்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் பணமும் பேச்சும் கேட்கும் கருவியைச் சுற்றியே நின்றுவிடுகின்றன.

முதலில் ஒரு சம்பவம். இந்த முறையைத் தொடங்கிய புதிதில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எலும்பு முறிவு வார்டுக்கு நானே போனேன். மூன்றாவது கட்டிலில் இடுப்பில் அறுவை செய்துகொண்ட ஒரு பெரியவர். "உதவிக்கு அழைத்தபோது செவிலியர் உடனே வந்தாரா?" என்ற கேள்விக்கு "எப்போதும்" என்று அழுத்தினார். மற்ற கேள்விகளுக்கும் முழு மதிப்பெண். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். "தம்பி, போகும்போது அந்த மணியைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா?" என்றார். அழைப்பு மணியின் கம்பி நழுவி, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. முந்தைய நாள் இரவிலிருந்தே அப்படித்தானாம். இரவு முழுவதும் அவர் யாரையும் அழைக்கவில்லை; அழைக்க வழியில்லை. அதனால் யாரும் வராமல் போனதும் இல்லை. கணக்குப்படி நூற்றுக்கு நூறு.

மணியை எடுத்துக் கொடுத்தேன். தலைமைச் செவிலியரிடம் சொன்னேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல் எழுந்து, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனார். வேறு இரண்டு கட்டில்களிலும் அதே நிலை. அன்று மாலை ஷிஃப்ட் மாறும்போது, அடுத்து வருபவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போதே மணி கைக்கு எட்டுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. மறுநாள் கம்பியைப் படுக்கை விரிப்போடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் வந்தன. நீங்கள் கேட்ட முறையின் முழு உருவமும் இந்தச் சின்ன நிகழ்ச்சியில் இருக்கிறது. டேப்லெட்டில் பதிவான பதில் பொய். அதைப் பதிவு செய்ய ஓர் ஆள் கட்டிலருகே போய் நின்றதுதான் பயன் தந்தது. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் தபாலில் படிவம் வந்திருந்தால், அதிலும் "எப்போதும்" என்றுதான் எழுதியிருப்பார்.

பழைய முறைகள் ஏன் போதவில்லை என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 'எச்-கேப்ஸ்' என்றொரு தேசியக் கருத்தாய்வு உண்டு. 2006-ல் தொடங்கி, 2008 முதல் மருத்துவமனைவாரியாக முடிவுகளை வெளியிடுகிறார்கள். நோயாளி வீடு திரும்பி இரண்டு நாள் கழிந்த பிறகே கேள்வித்தாள் போகும். நான்கு காலாண்டுகளின் பதில்களைச் சேர்த்துத்தான் முடிவு வரும். இங்கிலாந்தில் 2002 முதல் நடக்கும் உள்நோயாளி கணக்கெடுப்பும் இப்படித்தான்: ஒரு குறிப்பிட்ட மாதத்தில் தங்கியவர்களைக் கேட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' குறுஞ்செய்தி, தொலைபேசி, செயலி என்று வேகமான வழிகளைப் பிடித்தாலும், அதுவும் வந்துபோனவரைக் கேட்பதுதான். இவற்றைக் குறை சொல்லவில்லை. ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிட இப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் சென்ற ஆண்டு ஏதோ ஒரு நோயாளிக்கு மருந்தின் பக்க விளைவை யாரும் சொல்லவில்லை என்ற செய்தியை இன்று டூட்டியில் இருக்கும் செவிலியரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அப்போது அவர் அந்த வார்டிலேயே இருந்திருக்க மாட்டார். "நான் இல்லை" என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் தண்ணீர் எட்டாமலும் நனைந்த விரிப்பிலும் கிடந்தார்கள். உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகம் வரவு செலவையும் இலக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. 2007-ல் அங்கே தாயை இழந்த ஜூலி பெய்லி மற்றக் குடும்பங்களைத் திரட்டிப் போராடினார். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வந்தது. அவற்றுள் ஒன்று நம் பேச்சுக்கு நேராக வருகிறது: நோயாளிகளின் கருத்துகளை, அவர்கள் சொந்த வார்த்தைகளில் சொன்னதையும் சேர்த்து, கூடியவரை உடனுக்குடன் எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும்; பின்னால் எண்களைத் திருத்த வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கடைசிப் பகுதியை நான் பலமுறை கூட்டங்களில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எண்கள் முழுக்கச் சரியாகும்வரை காத்திருப்போம் என்று சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

அதே 2013-ல் இங்கிலாந்து முழுவதும் ஒரு கேள்வி வந்தது: "உங்கள் நண்பருக்கோ குடும்பத்தாருக்கோ இதே சிகிச்சை தேவைப்பட்டால் இந்த வார்டைப் பரிந்துரைப்பீர்களா?" வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வியின் மறுபிறவி அது. நண்பர் மருத்துவமனைப் பக்கமே வரக்கூடாது என்றுதானே யாரும் நினைப்போம்? 2020-ல் அதை மாற்றி, எங்கள் சேவை மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி தந்த சதவீதங்களால் பெரிய பயன் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அதற்குக் கீழே விட்டிருந்த வெற்றிடத்தில் நோயாளிகள் எழுதிய இரண்டு வரிகள்தான் புதையல்.

அதற்கு என் கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு வார்டில் "இரவில் தூங்க முடிந்ததா?" என்ற கேள்விக்கு வாராவாரம் மோசமான மதிப்பெண். 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டினார்கள். இரவுப் பணிச் செவிலியர்களைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசச் சொன்னார்கள். அவர்கள் மனம் புண்பட்டதுதான் மிச்சம். பிறகு ஒரு நோயாளி எழுதினார்: "கை கழுவும் இடத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியின் மூடி ஒவ்வொரு முறையும் டமார் என்று விழுகிறது. நேற்று இரவு பதினாறு முறை எண்ணினேன்." போய்ப் பார்த்தோம். காலால் அழுத்தித் திறக்கும் எஃகுத் தொட்டி. செவிலியர் ஒவ்வொரு நோயாளியையும் தொட்ட பின் கை கழுவி, காகிதத்தில் துடைத்து, அதில் போடுகிறார். அதாவது, தொற்றுத் தடுப்பை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்களோ அவ்வளவு முறை நோயாளி விழித்துக்கொள்கிறார்! நோயாளி அறையில் இரவு ஒலி 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. அந்த மூடி விழும் சத்தத்தை அளந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மதிப்பெண்ணை ஆண்டு முழுவதும் உற்றுப் பார்த்திருந்தாலும் அதில் குப்பைத் தொட்டி தெரிந்திருக்காது.

கதை அங்கே முடியவில்லை. சத்தமில்லாமல் மூடும் தொட்டி வாங்கத் தலைமைச் செவிலியருக்கு அதிகாரம் இல்லை. கொள்முதல் குழு மாதம் ஒருமுறை கூடும். முதல் கூட்டத்தில் விலைப்பட்டியல் மூன்று வேண்டும் என்றார்கள். அடுத்த கூட்டத்தில், ஒரு வார்டுக்கு மட்டும் ஏன், எல்லா வார்டுக்கும் சேர்த்தே முடிவு செய்யலாம் என்றார்கள். இதற்கிடையில் ஒரு துப்புரவுப் பணியாளர் மூடியின் விளிம்பில் பழைய ரப்பர் குழாயை வெட்டி ஒட்டிவிட்டார். சத்தம் நின்றது. நோயாளியின் கருத்து அன்றே வந்துவிட்டது. அது போய் மோதிய நிர்வாகம் தன் பழைய வேகத்திலேயே இருந்தது. உடனுக்குடன் கருத்துக் கேட்கும் பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் மூச்சு முட்டி நிற்கின்றன. வார்டில் இருப்பவர்களிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பாதி அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கை வைக்க முடியாத விஷயத்தை வாராவாரம் வரைபடமாகப் போட்டு அவர்களிடமே நீட்டினால் எரிச்சல்தான் வரும். அதனால் இந்த முறையைத் தொடங்கும் இடத்தில் முதலில் நான் கேட்பது, வார்டுப் பொறுப்பாளர் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய ஒரு சிறு தொகையையும், பராமரிப்புப் பிரிவில் அவர் நேரே கூப்பிட்டால் வரும் ஓர் ஆளையும்தான்.

கேள்விகளைப் பற்றி. "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். திருப்தி என்பது எதிர்பார்ப்போடு ஒட்டியது. குறைவாக எதிர்பார்த்தவர் எளிதில் திருப்தி அடைவார். நடந்ததைக் கேளுங்கள்: இன்று காலை மருந்து கொடுத்தவர் அது எதற்கு என்று சொன்னாரா? வலி என்று சொன்ன பிறகு எவ்வளவு நேரத்தில் யாராவது வந்தார்கள்? மருத்துவர் போன பின் உங்களுக்குக் கேட்க மறந்த கேள்வி ஏதாவது இருந்ததா? ஐந்தாறு போதும். கடைசியில் ஒரு திறந்த கேள்வி கட்டாயம்.

எதைக் கேட்கிறோம் என்பதில் தவறினால் சிகிச்சையே கோணலாகும். எச்-கேப்ஸில், உங்கள் வலி நன்றாகக் கட்டுப்பட்டதா என்று ஒரு கேள்வி இருந்தது. 2012 அக்டோபரிலிருந்து இந்த மதிப்பெண்கள் மருத்துவமனைக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தரும் பணத்தோடு இணைந்தன. ஓபியாய்டு எனும் வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாவது பெரும் கொள்ளைநோயாக இருந்த காலம் அது. மதிப்பெண்ணுக்காக மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுக்கும் அழுத்தம் வரும் என்ற கவலை எழுந்தது. 2018 நிதியாண்டு முதல் வலிக் கேள்வியைப் பணக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். 2019 அக்டோபரில் வலி பற்றிய கேள்விகளையே கேள்வித்தாளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னவுடன் சில மருத்துவர்கள் கேட்பார்கள்: "பார்த்தீர்களா? அனுபவம் வேறு, சிகிச்சை வேறு. நாங்கள் ஓட்டலா நடத்துகிறோம்?" இந்தக் கேலி எனக்குப் பழக்கம். 2013-ல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, நோயாளி அனுபவம் நன்றாக இருக்கும் இடங்களில் பாதுகாப்பும் சிகிச்சைப் பலனும் பொதுவாக நன்றாகவே இருப்பதைக் கண்டது. காரணம் மாயம் எதுவும் இல்லை. மாத்திரை எதற்கு என்று தெரிந்தவர்தான், நிறம் மாறி வந்த மாத்திரையைப் பார்த்து "இது என்னுடையதா?" என்று கேட்பார். ஒருமுறை கேட்டு முகச்சுளிப்பை வாங்கியவர், அடுத்த முறை நெஞ்சு அடைப்பதைக்கூடச் சொல்லத் தயங்குவார். முதியோர் மருத்துவரான கேட் கிரேஞ்சர் புற்றுநோயோடு 2013-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தன்னிடம் வந்தவர்களில் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். படுக்கையில் இருந்தபடி அவர் தொடங்கிய "ஹலோ, என் பெயர்..." இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2016-ல் அவர் மறைந்தார். ஒரு நோயாளி கட்டிலில் இருந்தபடி கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

இப்போது உடனுக்குடன் கேட்கும் முறையின் பலவீனம். கட்டிலில் இருப்பவர் பயந்திருப்பார், நன்றியோடும் இருப்பார். இன்னும் மூன்று நாள் ஊசி போடப்போகும் கையைப் பற்றி யார் குறை சொல்வார்? அதிலும் கேட்பவர் வெள்ளுடையில் நின்றால் எல்லாப் பதிலும் "நன்று" தான். ஆகவே கவனித்துக்கொள்ளும் செவிலியர் கேட்கவே கூடாது. இங்கிலாந்தில் நோயாளி அனுபவத்தை ஆராயும் பிக்கர் நிறுவனம் ஆறு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவிலும் முதியோர் வார்டுகளிலும் தன்னார்வலர்களைக் கொண்டு டேப்லெட்டில் கேட்டுப் பார்த்தது; 2018-ல் அறிக்கை வந்தது. பரிவு, பேச்சு, மரியாதை போன்றவற்றில் முன்னேற்றம் இருந்தது. அளவில் சிறியது, ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது. சிறியது என்பதை மறைக்காமல் உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் தலைகீழ் மாற்றம் என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அனுபவமும் நினைவும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ரெடல்மையர், கானமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையின்போது நோயாளிகள் நிமிடத்துக்கு ஒருமுறை வலியைக் குறித்துக் காட்டினார்கள். பின்னால் நினைவிலிருந்து சொன்னபோது, உச்சத்தில் இருந்த வலியும் கடைசிச் சில நிமிடங்களின் வலியும்தான் மனத்தில் நின்றிருந்தன. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிட்டத்தட்ட கணக்கிலேயே வரவில்லை. வார்டிலும் இதே கதைதான். ஐந்து நாள் நன்றாகப் பார்த்துக்கொண்டு, கடைசி நாள் டிஸ்சார்ஜ் சீட்டுக்கு ஆறு மணி நேரம் உட்காரவைத்தால் வீட்டுக்குப் போவது அந்த ஆறு மணி நேரம்தான். எனவே இரண்டு முறையும் வேண்டும். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று புரிந்ததா என்பதெல்லாம் வீட்டில் தனியாக மாத்திரைப் பட்டையைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அதைப் பின்னால்தான் கேட்க முடியும்.

மறதி நோய் உள்ளவர், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர், படிக்கத் தெரியாதவர், வார்டில் பேசும் மொழி தெரியாதவர் ஆகியோரை டேப்லெட் எளிதாகத் தாண்டிப் போய்விடும். மோசமாக நடத்தப்பட வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் இவர்கள்தான். உடனிருப்பவரைக் கேட்கலாம், ஆனால் அது அவருடைய பதில் என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

எண்களை வாசிப்பதில் நடக்கும் அபத்தம் தனி. ஒரு வார்டில் வாரத்துக்குப் பன்னிரண்டு பேர் பதில் சொல்கிறார்கள் என்றால், ஒரே ஒருவர் மனம் மாறினாலும் எட்டு சதவீதம் ஏறி இறங்கும். போன வாரம் 92, இந்த வாரம் 83, விளக்கம் கொடு என்று தலைமைச் செவிலியருக்குக் குறிப்பாணை அனுப்பிய நிர்வாகியை நான் அறிவேன். தொழிற்சாலைப் பொருட்களின் தரத்துக்காக வால்டர் ஷூவர்ட் 1924-ல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கு இன்றும் சரியான மருந்து. வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லைகளைக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, எட்டு வாரம் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் நின்றாலோ மட்டும் காரணம் தேடுங்கள். மற்ற வாரங்களில் எண்ணை மூடிவிட்டு, எழுதப்பட்ட வரிகளைப் படியுங்கள்.

மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடும் தண்டனையோடும் முடிச்சுப் போட்டால் அன்றோடு முறை செத்தது. ஒரு வார்டில் இப்படிச் செய்ததும், சிரித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புபவர் கைக்கு மட்டுமே டேப்லெட் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாறாக, வரும் கருத்துகளில் பெரும்பகுதி பாராட்டாகவே இருக்கும். அதைச் செவிலியர் பெயரோடு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் புகார் வந்தால் மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள் அவர்கள். "இரவு இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்" என்ற வரியைக் கேட்ட பிறகு குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள்.

தவறான மருந்து, அடித்தல், அவமதிப்பு என்று யாராவது சொன்னால் அது வரைபடத்துக்குப் போகக் கூடாது. அந்த மணி நேரத்திலேயே பொறுப்பான மருத்துவரிடமும் நோயாளிப் பாதுகாப்புப் பிரிவிடமும் போக வேண்டும். சிறிய வார்டில் "நேற்று அறுவை செய்துகொண்டவர் சொன்னார்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். வந்த கருத்துக்கு என்ன செய்தோம் என்று நோயாளிகள் பார்க்க ஒட்டும் பலகையில் அதைக் கவனியுங்கள். அந்தப் பலகையில் செய்ததை மட்டும் எழுதாமல், செய்ய முடியாததையும் காரணத்தோடு எழுதுங்கள். "ஜன்னலைத் திறக்கக் கேட்டீர்கள், பாதுகாப்புக் கருதித் திறக்க முடியாது" என்று எழுதிய வாரத்தில்தான் எங்கள் பலகையை நோயாளிகள் நின்று படித்தார்கள்.

உங்கள் மருத்துவமனைக்கு என் யோசனை: டேப்லெட் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஒரே ஒரு வார்டில், இரண்டு வாரம், காகிதமும் பேனாவும் ஐந்து கேள்விகளும் போதும். வார்டில் வேலை பார்க்காத ஒருவர் பிற்பகலில் கேட்கட்டும்; மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் முன் தாள் தலைமைச் செவிலியர் மேசையில் இருக்கட்டும். தொடங்கும் முன் அவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: நாளை ஒரு நோயாளி "இரவில் குளிர்கிறது, இன்னொரு போர்வை வேண்டும்" என்று எழுதினால் உங்களால் உடனே எடுத்துக் கொடுக்க முடியுமா? நான் கேட்ட தலைமைச் செவிலியர், "போர்வை இருக்கிறது சார், அலமாரிச் சாவி ஸ்டோர் அலுவலகத்தில் இருக்கிறது, அவர்கள் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார். அந்த வார்டில் நாங்கள் செய்த முதல் வேலை, அந்தச் சாவிக்கு ஒரு நகல் எடுத்தது.